பத்து நாள் சொதி

என் எடையை முதன்முதலில் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னது லாரிகளை நிறுக்கும் எடைமேடைதான். அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி போகும் சாலையில் ஒரு எடைமேடையில் பதினேழு வருடமாக எனக்கு வேலை. நெல் லாரி லோடோடு ஏறி நிற்கும், சீட்டு எழுதுவேன். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வந்து ஏறும், மறுபடி எழுதுவேன். முன்னதில் பின்னதைக் கழித்தால் நெல். மருந்துக்கடையில் காசு போட்டு ஏறும் எந்திரம் என்னைத் தாங்காது என்று கடைக்காரர் கும்பிட்டுச் சொல்லிவிட்டதால், ஒரு மத்தியானம் லாரி எதுவும் இல்லாத நேரத்தில் நானே மேடையில் ஏறி நின்றேன். வெளியே மாட்டியிருக்கும் பலகையில் சிவப்பு எழுத்தில் 130 என்று வந்தது. அது பத்துப் பத்தாகத்தான் காட்டும், அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அந்த நேரம் பார்த்துப் பாபநாசம் பஸ் ஒன்று போனது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் படித்துக்கொண்டே போனார்கள்.

மருத்துவமனைத் தராசு பிறகு அதை 131 என்று திருத்தியது. இன்றைக்கு 84. நடுவில் நடந்ததை எழுதித் தரச் சொன்னவர் மருத்துவமனையின் உணவு ஆலோசகர். எடைக் குறைப்பு அறுவைக்கு வருகிறவர்களுக்கு நோயாளி ஒருவரே எழுதியதைக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். ஆனால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டார். அந்த நிபந்தனையால்தான் பல மாதம் தள்ளிப்போட்டேன். இதில் வரும் என் அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. நடந்ததில் அவளுக்கு ஒரு பங்கு உண்டு. அது அவளுக்குத் தெரியாது.

மெலிய வேண்டும் என்று எனக்காக நான் ஆசைப்பட்டதில்லை. நாற்காலி உடைந்தால் வேறு நாற்காலி, சட்டை பத்தாவிட்டால் வேறு துணி என்று நாற்பத்து மூன்று வயது வரை காலம் ஓடியது. அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனதுதான் காரணம். அவளுக்கு என்னைவிட ஏழு வயது மூப்பு. அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அன்றைக்கு அவள் கையில் வந்த கரண்டி, பிறகு சேரன்மகாதேவியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல் வரை கூடவே போயிற்று. நோய் வந்ததும் வேலையை விட்டாள். வாரத்துக்கு இரண்டு நாள் பாளையங்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ், அதாவது ரத்தத்தை எந்திரம் வழியாக ஓடவிட்டுச் சுத்தம் செய்து உடம்பில் திருப்பி விடுவது. சிறுநீர் போகாது என்பதால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டு, ராத்திரி வரை அதை நீட்டித்துக் குடிப்பாள்.

யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் இதிலிருந்து மீளலாம் என்றார்கள். அக்காவின் கணவரான அத்தானுக்குச் சர்க்கரை நோய், ரத்த வகையும் வேறு; மகளுக்கு இன்னும் பதினெட்டு வயது ஆகவில்லை. எனக்குச் சர்க்கரை இல்லை, ரத்தம் பொருந்தியது. மதுரையில் சிறுநீரக மருத்துவர் எல்லாத் தாள்களையும் புரட்டிவிட்டுக் கடைசியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கிட்னி நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த உடம்ப வச்சுக்கிட்டு உங்ககிட்ட எடுக்க முடியாது. ஆபரேஷனும் ஆபத்து, மிச்சம் இருக்கிற ஒத்தக் கிட்னியும் இவ்வளவு பெரிய உடம்புக்கு ஓடி ஓடிச் சீக்கிரம் தேஞ்சுரும். தொண்ணூறுக்குக் கீழ வாங்க, பேசுவோம்.”

நாற்பத்தொரு கிலோ. எட்டு மாதம் நடந்தேன், கேழ்வரகும் கொள்ளும் தின்றேன். ஆறு கிலோ குறைந்தது. அப்புறம் அதே ஆறு கிலோ கூடியது. அக்காவின் கையோ அதற்குள் ஊசி ஏறி ஏறிப் புடைத்துக் கயிறு திரித்த மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் திருநெல்வேலியில் இந்த அறுவை செய்யும் மருத்துவரிடம் போனோம்.

அவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். இரைப்பை ஒரு தோல்பை மாதிரி. அதை நெடுக்கு வாட்டத்தில் வெட்டித் தைத்து, முக்கால் பாகத்துக்கு மேல் வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு வாழைக்காய் அளவுக்குக் குழாயாக நிற்கும். கொஞ்சம் தின்றாலே நிரம்பிவிடும். பசியைத் தூண்டுகிற சுரப்பும் வெட்டி எடுத்த பாகத்தோடு பெரும்பாலும் போய்விடும். குடலை மாற்றி இணைக்கும் இன்னொரு முறையும் உண்டு. அதில் பின்னால் சிறுநீரகக் கல் வர வாய்ப்பு அதிகம், சிறுநீரகம் கொடுக்கப் போகிறவருக்கு அது வேண்டாம் என்றார். என் வயிற்றைப் பற்றி முடிவு செய்யும்போதே அக்காவின் சிறுநீரகத்தையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

“ஏலே, நல்லா இருக்குத வயித்த எதுக்குலே அறுக்கணும்?”

“ஒனக்குக் கிட்னி தரணும்னா நான் மெலியணும். மெலியணும்னா அறுக்கணும்.”

“அப்பம் எனக்காவ ரெண்டு தடவ அறுபடப் போற.”

“ஆமா.”

“வேண்டாம்லே. வயசு அம்பது ஆயிட்டு. போற உசுரு போட்டும்.”

“நீ போயிட்டா எனக்கு ஆரு சொதி வச்சுத் தருவா?”

கேலியாகத்தான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தக் கேலி பின்னால் என்ன வேலை செய்யும் என்று அப்போது தெரியாது.

பரிசோதனைகள் மூன்று வாரம் இழுத்தன. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, கேமரா வைத்த குழாயை இரைப்பைக்குள் விட்டுப் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று ஒரு ராத்திரி முழுக்க உடம்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். நின்றது, பலமுறை நின்றது. பக்கத்தில் படுத்து இத்தனை வருடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி செல்வி, “இத நான் சும்மாவே சொல்லியிருப்பேன்லா” என்றாள். மனநல ஆலோசகர் ஒருவரையும் பார்க்க வேண்டும் என்பது விதி. அவர், சாப்பாடு என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது என்று கேட்டார். யோசிக்காமல் “எங்க அக்கா” என்று சொல்லிவிட்டேன். குறித்துக்கொண்டார்.

காத்திருக்கும் கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நான் நின்றுகொண்டே இருப்பவன். நாற்காலிகளுக்குக் கைப்பிடி இருக்கும், உட்கார்ந்தால் எழும்போது நாற்காலியும் கூடவே வரும். இங்கே கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பதினைந்து வருடத்தில் முதல்முறையாகப் பொது இடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். எதிரே என்னைப்போல நாலைந்து பேர். ஒருவரை ஒருவர் எடை போடாமல் பார்த்துக்கொண்டோம். பணம் பற்றி ஒரு வரி: காப்பீட்டில் பாதி வந்தது, மீதிக்குச் செல்வி தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

இனி முக்கியமான இடம். அறுவைக்கு முன்னால் பதினாலு நாள் வெறும் நீர் ஆகாரம்தான். கல்லீரலின் இடது பக்கம் இரைப்பையின் மேல் கூரை மாதிரிக் கவிந்து கிடக்கும். கொழுத்த உடம்பில் கல்லீரலும் கொழுத்திருக்கும். இரண்டு வாரம் கொழுப்பும் மாவுச்சத்தும் உள்ளே போகாமல் இருந்தால் அது சுருங்கி வழி விடும். உணவு ஆலோசகர் பட்டியல் கொடுத்தார்: மோர், பருப்புத் தண்ணீர், காய்கறி வேகவைத்த தண்ணீர், கொழுப்பு நீக்கிய பால், புரத மாவு. ஈரோட்டுப் பக்கத்துப் பெண், சின்ன வயது, பொறுமைசாலி. இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

முதல் நாலு நாள் உத்தமமாகவே போயிற்று. செல்வி எனக்கு வாசனை வரக்கூடாது என்று தாளிப்பதைக்கூடப் பக்கத்து வீட்டு அடுப்பில் போய்ச் செய்தாள். நாலாம் நாள் சாயங்காலம் அக்கா போனில் கூப்பிட்டாள்.

“என்னலே குடிக்க?”

“மோரு. பருப்புத் தண்ணி. கையெல்லாம் நடுங்குதுக்கா.”

“அவங்க குடுத்த தாள வாசி.”

வாசித்தேன்.

“சொதி ஆவாதா? அதுலயும் பருப்புத் தண்ணி, காய்கறித் தண்ணி, பாலுதானலே?”

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சொதி எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மறுநாள் விருந்துக்கு வைப்பது. பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப்பாலில் வெந்து, இறக்கும்போது கெட்டியான முதல் பால் விழும். இஞ்சியும் எலுமிச்சையும் சேர்ந்து ஒரு மணம் வரும். அக்கா வைத்த சொதியை ஒரு காலத்தில் சோறு இல்லாமலே ஒரு சட்டி குடித்திருக்கிறேன். தாளை மறுபடி பார்த்தேன். பருப்பு இருந்தது, காய் இருந்தது, பால் இருந்தது. தேங்காய் என்ற பேச்சே இல்லை. கூடும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை.

செல்வி போனை வாங்கி, “தேங்காப்பாலுல்லா மைனி?” என்று இழுத்தாள்.

“குடிக்கத்தானட்டி செய்யுதான், மெல்லவா செய்யுதான்? காயெல்லாம் வடிச்சுக் களஞ்சுட்டு வெறும் தண்ணியாத்தான் குடுத்து விடுவேன்.”

மறுநாளிலிருந்து காலை பஸ்ஸில் அத்தான் ஒரு தூக்குவாளியோடு வந்து இறங்கினார். தினமும் மூன்று தேங்காய். அக்காவுக்குத் தேங்காயே ஆகாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதில் உள்ள பொட்டாசியம் என்ற உப்புச்சத்து ரத்தத்தில் ஏறி நெஞ்சைப் பிடிக்கும். தன் நாக்கில் ஒரு சொட்டு வைக்காமல், மணத்தை மட்டும் வைத்துப் பக்குவம் பார்த்து அனுப்பினாள். ஒருநாள்கூடப் பிசகவில்லை. எனக்குக் கை நடுக்கம் நின்றது. பத்து நாள் குடித்தேன். இது சரிதானா என்று ஒரு சந்தேகம் எனக்குள் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. நாக்கு அதைத் தலையில் தட்டி உட்கார வைத்துவிட்டது.

சேர்க்கையன்று தராசு 130 காட்டியது. “ஒரே ஒரு கிலோதானா?” என்று அறுவை மருத்துவர் புருவத்தைத் தூக்கினார்.

“சத்தியமா தண்ணியத் தவிர ஒண்ணும் பல்லுல படல சார்.”

பொய் இல்லை. அவரும் நம்பினார்.

அறுவை அறைக்குள் குளிர். மேசை அகலமாக இருந்தது. மயக்க மருந்து கொடுப்பவர் நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். தொண்ணூற்றாறு வரை நினைவு இருக்கிறது. விழித்தபோது வயிற்றில் மூன்று சிறிய கட்டுகள். ஐந்து இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மருத்துவர் தலைமாட்டில் வந்து நின்றார்.

“கேமராவ உள்ள விட்டுப் பார்த்தோம். கல்லீரல் அப்படியே பெருத்துப் போய் இரைப்பைய மூடிக் கிடக்கு. தூக்கவே முடியல. தூக்கிக் கிழிஞ்சா ரத்தத்த நிறுத்த முடியாது. அதனால எதையும் தொடாம மூடிட்டேன். ஆறு வாரம் போகட்டும், மறுபடி பார்க்கலாம்.”

லோடோடு போன லாரி லோடோடு திரும்பி வந்துவிட்டது. என் முதல் நினைப்பு, அக்காவுக்கு இன்னும் ஆறு வாரம்.

மறுநாள் அவள் வந்தாள். டயாலிசிஸ் முடிந்து, கையில் பஞ்சுக்கட்டோடு, அத்தான் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக அங்கே வந்து கட்டில் அருகே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். அவள் உதடு வறண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் உணவு ஆலோசகர் நோட்டோடு வந்தார்.

“இந்தப் பதினாலு நாளும் என்னென்ன உள்ள போச்சு? மறைக்காம சொல்லுங்க சார். கல்லீரல் இப்படி இருக்கணும்னா கொழுப்பு ஏதோ நிறையப் போயிருக்கு.”

அக்கா நிமிர்ந்தாள். “நான்தாம்மா தெனமும்…” என்று ஆரம்பித்தாள். முகத்தில் ஒரு பெருமை. தம்பியைப் பட்டினி போடாமல் காப்பாற்றியதைச் சொல்லப் போகிறாள். கொழுப்பு என்ற சொல்லை அவள் இன்னும் சேர்த்துப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு நொடியில் சேர்த்துவிடுவாள். தன் கையால் காய்ச்சி அனுப்பியதுதான் தன் சிறுநீரகத்தைத் தள்ளிப் போட்டது என்று அந்த முக்காலியில் உட்கார்ந்து அவள் தெரிந்துகொள்வதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது.

“பரோட்டா தின்னேன்” என்றேன்.

செல்வி என்னைப் பார்த்தாள்.

“எங்கனலே?” என்றாள் அக்கா.

“அம்பை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. தெனமும் வேல முடிஞ்சு வாரப்போ.”

“எத்தன?”

“நாலு. ஒருநாளு அஞ்சு.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பைய எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள்.

“பதினாலு நாளு ஒன்னால வாயக் கட்ட முடியல. நான் மூணு வருசமா தண்ணிய அளந்துல்லா குடிக்கேன்.”

போய்விட்டாள். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செல்வி கேட்டாள், “நீங்க எப்பம் போயி பரோட்டா தின்னிய?”

“திங்கல.”

பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது. “தேங்காப்பாலு” என்றாள். “நான் அன்னைக்கே கேட்டேன்லா.”

“அக்காகிட்ட மட்டும் சொல்லிராத.”

“இத மனசுல வச்சுக்கிட்டு நான் எப்படி மைனி மூஞ்சியில முழிக்க?” என்று அழுதாள். ஆனால் சொல்லவில்லை.

அடுத்த வாரம் தையலைக் காட்டப் போனபோது உணவு ஆலோசகரைத் தனியாகப் பார்த்து உண்மையைச் சொன்னேன். மருத்துவரிடமும் ஆலோசகரிடமும் பொய் சொல்லாதீர்கள். அவர்கள் அடுத்த அடியை உங்கள் சொல்லை வைத்துத்தான் எடுத்து வைக்கிறார்கள். நான் சொன்னதைக் கேட்டு ஆலோசகர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “மூணு தேங்காயா? ஒரு நாளைக்கா? எனக்குச் சொதின்னா என்னன்னே தெரியாது சார், நாங்க ரசமும் தண்ணிக் குழம்பும்தான் நினைச்சோம்” என்றார். பட்டியலை எடுத்து, அடியில் தன் கையாலேயே ‘தேங்காய்ப்பால், சொதி கூடாது’ என்று எழுதினார்.

அந்த ஆறு வாரத்தில் நான்காவது வாரம் அக்காவின் ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டது. டயாலிசிஸுக்கு ஊசி போட வசதியாகக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருப்பார்கள், அதற்குத்தான் அந்தப் பெயர். அது அடைத்தால் வேறு வழி இல்லை, கழுத்தில் குழாய் போட்டார்கள். கழுத்தில் குழாயோடு அவளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டாள். அந்த ஆறு வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. எடைமேடையில் ஒரு சீட்டைத் தப்பாக எழுதினால் அடுத்த சீட்டிலாவது திருத்தலாம். இதை எங்கே போய்த் திருத்துவது?

கோபத்தில் இரண்டாவது பதினாலு நாளும் அவள் ஒன்றும் அனுப்பவில்லை. அது வசதியாகப் போயிற்று என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. மோரையும் பருப்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுக் கை நடுங்க நடுங்கச் சீட்டு எழுதினேன். ஒரு டிரைவர், “அண்ணாச்சி, எழுத்து ஆடுதே, எடை சரிதானா?” என்றே கேட்டுவிட்டார். 131 இலிருந்து 124 ஆனது.

இந்த முறை விழித்தபோது ஐந்து கட்டுகள் இருந்தன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கண்ணை மூடினேன்.

முதல் நாள் வயிற்றைவிடத் தோள் வலித்தது. உள்ளே இடம் உண்டாக்க வாயுவை அடைத்து வயிற்றை உப்ப வைப்பார்களாம். அதில் மிஞ்சியது மேலே ஏறி நின்று, அந்த வலி தோளில் தெரியும். பயப்பட வேண்டாம், நடந்தால் கரையும். அன்று சாயங்காலமே நடக்க வைத்தார்கள். கால் ரத்தம் உறையாமல் இருக்க இறுக்கமான காலுறையும் வயிற்றில் ஒரு ஊசியும் உண்டு. மூன்று பந்துகள் உள்ள ஒரு டப்பாவை மூச்சை உள்ளிழுத்து எழும்ப வைக்க வேண்டும். நுரையீரல் சுருங்காமல் இருக்க அது. என் பந்துகள் இரண்டு நாள் சோம்பிக் கிடந்தன. மறுநாள் ஒரு மருந்தைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்து, தைத்த இடத்தில் ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள். ஒழுகவில்லை.

அப்புறம் தண்ணீர். கால் மணிக்கு ஒருமுறை முப்பது மில்லி, அதற்கு மேல் கூடாது, அதற்குக் கீழும் கூடாது. மருத்துவமனை கொடுத்த பிளாஸ்டிக் மூடியில் குடித்தால் மடக்கென்று உள்ளே போய் நெஞ்சை அடைத்தது. வாந்தி வந்தது. முப்பது மில்லித் தண்ணீருக்குப் பயந்து ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதைச் செல்வி வேடிக்கை பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலையில் கதவு திறந்தது. அக்கா. கழுத்துக் குழாயை முந்தானையால் மூடியிருந்தாள். என்னோடு பேசாமல், செல்வியிடம் ஒரு துணி முடிச்சைக் கொடுத்தாள். அவிழ்த்தால், கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு. அக்கா தன் மகளுக்கு அந்தக் காலத்தில் வாங்கியது.

“இதுல ஊத்து” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “மடக்குன்னு விழுங்காதலே. நாக்குக்கு அடியில வச்சுக்க. பைய, கொஞ்சங் கொஞ்சமா எறக்கு. தண்ணி போயிட்டுன்னு தொண்டைக்குத் தெரியாண்டாம்.”

அவள் சொன்னபடி செய்தேன். தண்ணீர் உள்ளே நின்றது. மருத்துவமனையில் யாருக்கும் தெரியாத அந்த வித்தையை மூன்று வருடத் தாகத்தில் அவள் கற்றிருந்தாள். அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து கால் மணிக்கு ஒரு சங்கு கொடுத்தாள். தனக்கு என்று கொண்டுவந்த பாட்டிலில் இருந்து அவளும் அவ்வப்போது ஒரு வாய் குடித்தாள். பரோட்டாவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை வாய் வரை வந்தது. வாயில் தண்ணீர் இருந்தது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் நீர், இரண்டு வாரம் கூழ், அப்புறம் குழைந்த சோறு நாலு கரண்டி. பசி என்ற ஒன்று காணாமல் போனது. நேரம் பார்த்துத் தின்ன வேண்டியிருந்தது. அவசரமாகத் தின்றால் வாந்தி. நாலாம் மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து அப்புறம் வளர்ந்தது. சத்து மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. மாதம் ஒருமுறை எடைமேடையில் ஏறுவேன். பலகை 110 ஆனது, 100 ஆனது. பதினோராம் மாதம் மருத்துவமனைத் தராசில் எண்பத்தொன்பதரை. அதே வாரம் மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

மறுபடி பரிசோதனைகள், உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழுவின் முன்னால் விசாரணை, கையெழுத்துகள். அறுவையன்று காலையில் எங்கள் இரண்டு பேரையும் அடுத்தடுத்த தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். “மூணு தடவ ஆயிட்டுலா லே” என்றாள் அக்கா. அவளுக்காக நான் அறுபட்ட கணக்கு அது. சாயங்காலம் எனக்கு நினைவு திரும்பியபோது அத்தான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பயந்துவிட்டேன். “மூத்திரம் வந்துட்டு மாப்ள” என்றார். நாலு வருடத்துக்குப் பிறகு அக்காவுக்குச் சிறுநீர் இறங்கியிருந்தது. அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை.

ஆலோசகருக்கு எழுதித் தருவதாகச் சொன்னது அதற்குப் பிறகு. பரோட்டா என்றே எழுதிவிடலாம்தான். ஆனால் பரோட்டா கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கு என் எழுத்து எதற்கு? சொதி ஆகுமா என்று எந்த அக்காவும் எந்த மனைவியும் மருத்துவரிடம் கேட்கப் போவதில்லை. அதனால் இதுவரை உள்ளதை எழுதி எடுத்துக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை செல்வியோடு சேரன்மகாதேவிக்குப் போனேன். அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இப்போது அளப்பதில்லை. முதல் வரியிலிருந்து வாசித்தேன். ‘பரோட்டா தின்னேன் என்றேன்’ என்ற இடம் வந்தபோது குரல் இறங்கிவிட்டது.

“நல்லா சத்தமா வாசி” என்றாள்.

வாசித்து முடித்தேன். ஊசி ஏறிப் புடைத்திருந்த கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“கழுத்துல கொழாய் போட்டது அதனாலதானா?”

“இல்லக்கா. டாக்டர்ட்ட கேட்டேன். அது எப்பம்னாலும் அடைக்குமாம்.”

“ஒனக்குப் பொய் சொல்ல வராதுலே. அன்னைக்கும் வரல.”

“என்னைக்கு?”

“பதினாலு நாளு பரோட்டா தின்னவன், சால்னா நல்லா இருந்துதா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லல. நீ அப்படிப்பட்ட ஆளா? வீட்டுக்குப் போற வழியிலயே எனக்குத் தோணிட்டு.”

“பெறகு ஏன் கேக்கல?”

“கேட்டா நீ சொல்லிருவியேன்னுதான்.”

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னாலும் தாளைப் பார்க்க முடியவில்லை. அக்கா அழவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கி, எழுத்துக் கூட்டி முதல் பக்கத்தை ஒருமுறை பார்த்தாள்.

“இத ஆபரேசனுக்கு வாறவங்களுக்கெல்லாம் குடுப்பாகளா?”

“ஆமா.”

“அக்கா அக்கான்னே எழுதியிருக்க. எந்த அக்கான்னு ஆருக்குத் தெரியும்? கதைன்னு நெனச்சுட்டுப் போயிருவாக. பேரப் போடுலே. ஒருத்தியாவது அடுப்புல இருந்து சட்டிய எறக்கி வைப்பா.”

பெயரை எழுதப்போவதில்லை என்று முன்னால் எழுதியதை அடித்துவிடவா என்று கேட்டேன். அது கிடக்கட்டும், கடைசியில் எழுது என்றாள்.

எனக்குப் பத்து நாள் சொதி காய்ச்சி அனுப்பியவள் பெயர் பேச்சியம்மாள். சங்கு கொண்டுவந்து தண்ணீர் கொடுத்தவளும் அவள்தான்.